மூன்றாவது சாட்சி

ரோவீனா ப்ருவிட் பிறந்தாள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. பத்தொன்பது வயது, நல்ல உயரம், இடது புருவத்தில் கன்றுக்குட்டி உதைத்த தழும்பு. ஆள் என்னவோ கண்ணெதிரே குத்துக்கல்லாட்டம் நிற்கிறாள். ஆனால் நெவாடா மாநிலத்தைக் கேட்டால் அப்படி ஒருத்தி இல்லை என்றுதான் சொல்லும். பள்ளிக்கூடப் பதிவு இல்லை, ஆஸ்பத்திரிப் பதிவு இல்லை, ஓட்டுநர் உரிமம் இல்லை. ஞானஸ்நானமாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. தேவாலயமும் மாநிலத்தில் பெயர் பதிந்துகொண்ட ஒன்றாம்.

இத்தனைக்கும் காரணம் அவள் அப்பா ஆர்லோ.

எங்கள் பள்ளத்தாக்கில் அரசாங்கத்தைத் திட்டாதவர் கிடையாது. காலைக் காப்பிக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை திட்டுவோம். திட்டிவிட்டு வரியையும் கட்டிவிடுவோம். ஆர்லோ அப்படியில்லை, பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர். அரசாங்கக் கட்டடத்தின் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்க மாட்டார். எங்கள் ஊரில் மழை பெய்வதில்லை என்பது வேறு விஷயம். வண்டிக்கு மாநிலத்தின் எண் பலகை கிடையாது. தகரத்தில் அவரே வெட்டிய பலகையில் 'சொந்தப் பயணம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை' என்று இருக்கும். கையெழுத்துப் போடுவதென்றால் சிவப்பு மையில் 'ப்ருவிட் குடும்பத்து ஆர்லோ, சுதந்திர மனிதன்' என்று எழுதி, பக்கத்தில் கட்டைவிரல் ரேகையும் வைப்பார்.

ஆரம்பத்தில் அவரும் எங்களைப் போலத்தான் இருந்தார். ரோவீனா பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னால் மேய்ச்சல் நிலத்துக்காக ஒரு விசாரணை நடந்தது. ஆர்லோ கொடிக்குக் கீழே நின்று கையைத் தூக்கிச் சத்தியம் செய்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். எதிர்த்தரப்பு அதிகாரி ஒருவரும் அதே மாதிரி கையைத் தூக்கிவிட்டு வாய் கூசாமல் புளுகினார். நிலம் போயிற்று. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர், இனிமேல் எந்த அரசாங்கத்தின் முன்னாலும் இந்தக் கை மேலே போகாது என்று சொன்னார். போகவில்லை. சத்தியம் என்றால் அவருக்கு அவ்வளவு பெரிய விஷயம். அதைப் பைத்தியம் என்று ஊர் சொன்னது. ரோவீனாவும் சில நாள் சொல்லியிருக்கிறாள்.

இப்போது அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் அம்மா ஜோலீனுக்கு நெஞ்சு வலி வந்தபோது ஆம்புலன்ஸ் வந்து சேர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. ஆம்புலன்ஸ் வேலைக்கு ஊரில் மூன்றே தொண்டர்கள், அதில் ஒருவருக்கு எழுபத்தொரு வயது. ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரத் தூரம். வழியெல்லாம் அந்தத் தொண்டர்களில் ஒரு பெண் அம்மாவின் மார்பை அழுத்திக்கொண்டே வந்தாள். தன் வியர்வையைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. அம்மா பிழைக்கவில்லை. அந்தப் பெண்ணைப் போல ஆக வேண்டும் என்று ரோவீனா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். வேறு எதிலும் அவளுக்கு மனம் ஒட்டவில்லை. ஆம்புலன்ஸ் பயிற்சி வகுப்பில் சேர வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். சான்றிதழுக்கு மனு ஏற்கப்பட்டது என்கிற ரசீதைக் காட்டினால்கூடச் சேர்த்துக்கொள்வார்கள். அதுவும் இல்லையென்றால் இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் வகுப்பு.

திங்கட்கிழமை காலை கவுண்டி அலுவலகத்தில், அதாவது மாவட்ட அலுவலகத்தில், போய் நின்றாள். அங்கே குமாஸ்தா லொரெய்ன் உர்ரிசா, ஆர்லோவோடு படித்தவர்.

"உங்கப்பன் எட்டாங்கிளாஸ்ல எனக்குப் பின் பெஞ்சு. வாத்தியார் பேர் கூப்பிட்டா 'உள்ளேன்'னு சொல்ல மாட்டான். 'பாத்தா தெரியலையா'ம்பான். நீ என்ன பண்ணுவ பாவம்."

"என்ன காகிதம் வேணும்னு சொல்லுங்க மேடம். எப்படியாவது கொண்டு வரேன்."

"நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போது யாராவது எழுதினதா இருக்கணும். உன் பேரு, பொறந்த தேதி, அப்பா அம்மா பேரு, மூணும் வேணும். ஜோலீனோட பைபிள்ல எழுதியிருப்பாளே?"

"அத அம்மாகூடவே பெட்டியில வெச்சுப் பொதச்சாச்சு."

லொரெய்ன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அரசாங்கக் காகிதமா இருக்கணும்னு சட்டம் சொல்லல. யாரு எழுதினதா இருந்தாலும் சரி. ஆனா அது உண்மைதான்னு, அப்ப கூட இருந்த பெரியவங்க ஒருத்தர் என் முன்னால சத்தியம் பண்ணணும்."

"கூட இருந்தது அப்பா மட்டுந்தான்."

"தெரியும்" என்றார் லொரெய்ன். "கல்லுல நார் உரிக்கற வேலைதான். வியாழக்கிழமை நாலு மணித் தபால் வண்டியில போற மனுவுக்குத்தான் இந்த வாரம் ரசீது தர முடியும். அதுக்குள்ள உரிச்சுட்டு வா."

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து பீன்ஸும் சோள ரொட்டியும் தின்றார்கள். ஊரில் யாரோ மலைக்கு மேலே வெளிச்சம் பார்த்தார்களாம். அது போதாதா? ஆர்லோ தன் வெளிச்சத்தை ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கதையை ரோவீனா ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். அவள் பிறந்த அன்று விடியற்காலை. சூரியன் இன்னும் வரவில்லை. கிழக்கு மலைமுகட்டுக்கு மேலே வெள்ளி நிறத்தில் ஒன்று சத்தமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. மேலே உருண்டை, அடிப்பக்கம் கூம்பு. இருபது நிமிஷம் அசையவில்லை. பிறகு மங்கி மறைந்தது. அதைப் பற்றி விமானப்படைத் தளத்துக்குப் பதினோரு கடிதம் போட்டார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

"பதில் போடலன்னாலே தெரியுதில்ல, எதையோ மறைக்கறாங்கன்னு. நான் மட்டும் பாத்திருந்தா கண்ணு கட்டிடுச்சுன்னு சொல்லலாம். உங்கம்மா கதவுல சாஞ்சுக்கிட்டுப் பாத்தா. நீ என் கையில. நீதான் மூணாவது சாட்சி."

ஆயிரம் தடவையும் காதில் விழுந்து வெளியே போன வார்த்தை, இந்தத் தடவை உள்ளேயே நின்றுவிட்டது. ரோவீனா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சாட்சின்னா? எங்கயாவது எழுதினியா?"

"எழுதாம? வான்காட்சிச் சங்கத்து ஃபாரம். அதே வாரம் எழுதி மேவிஸ்கிட்ட கொடுத்தேன். சங்கம் ஒண்ணும் அரசாங்கமில்லயே. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதியிருக்கேன்."

மேவிஸ் கார்டுல் முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினவர். வானத்தில் இனம் தெரியாத எதையாவது பார்த்தவர்கள் எழுதிக் கொடுப்பதையெல்லாம் சங்கத்தின் சார்பில் சேர்த்து வைப்பதுதான் இப்போது அவர் வேலை. ஊர் எல்லையில் சக்கரம் கழற்றிய பழைய லாரிக் கூடு ஒன்றில் இரும்பு அலமாரிகள் வரிசையாக நிற்கும். செவ்வாய்க்கிழமை ரோவீனா போனபோது மேவிஸ் மாட்டிறைச்சி வற்றலை மென்றுகொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"தொண்ணூத்தெட்டு மார்ச்சு. ஆர்லோ ப்ருவிட். ஞாபகம் இருக்கு கண்ணு. அவ்வளவு சுத்தமா யாரும் ஃபாரம் எழுதினதில்ல."

இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கறுப்பு மை, அப்பாவின் நெருக்கமான கையெழுத்து. ரோவீனா நின்றபடியே படித்தாள். இடம், தேதி, மணி, காற்றின் திசை. இரண்டாம் பக்கத்தில் சாட்சிகளின் விவரம். முதல் சாட்சி ஆர்லோ. இரண்டாவது ஜோலீன், மனைவி. அடுத்து:

'சாட்சி 3: ரோவீனா ப்ருவிட், முதல் இரு சாட்சிகளின் மகள். வயது: நாற்பது நிமிடம். உடல்நிலை: நன்று. சம்பவத்துக்கு முன் மது அருந்தினாரா: இல்லை, பால் மட்டும். சாட்சியின் கருத்து: கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை.'

ரோவீனா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஊரிலுள்ள எந்த அலுவலகத்துக்கும் தெரியாமல் அவளை மறைத்து வைத்த மனுஷன், இங்கே பெயர், வயது, தாய் தகப்பன் என்று ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். தான் இந்த உலகத்துக்கு வந்தது ஒரு காகிதத்தில் இருக்கிறது. அது போதும் என்று அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது.

பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அது அப்பாவின் எழுத்து இல்லை. சங்கத்தின் விசாரணையாளர் எழுதியது. அன்றைக்கு ஒரு பல்கலைக்கழகத்தார் ஆராய்ச்சி பலூன் ஒன்றைப் பறக்கவிட்டிருக்கிறார்கள். கிளம்பிய நேரம், காற்றின் திசை, உயரம் எல்லாம் பொருந்துகிறது. தரையில் இருட்டு இருக்கும்போதே மேலே வெயில் பட்டு அது பளபளத்திருக்கிறது. 'விளக்கம் கிடைத்தது. கோப்பு மூடப்பட்டது.' தேதி, அதே வருஷம் மே மாதம்.

"இது அப்பாவுக்குத் தெரியுமா, ஆன்ட்டி?"

"கேட்டா சொல்லுவோம். கேக்காதவங்ககிட்ட நாங்களா போய்ச் சொல்றதில்ல. அது சங்கத்து வழக்கம்."

"பத்தொம்போது வருஷத்துல அப்பா கேக்கவே இல்லயா?"

மேவிஸ் சுற்றிலும் கையைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஆறு அலமாரிகள், மூலையில் பச்சையாக ஒன்று. "இந்த ஆறும் விளக்கம் கெடச்சது. பச்சையில பாதி இழுப்பறைதான் கெடைக்காதது. கேக்க வர்றவங்க ரொம்பக் கம்மி, கண்ணு. எழுதிக் கொடுத்ததோட அவங்களுக்கு மனசு ஆறிடும். அப்புறம் போய்க் கேட்டு எதுக்குக் கெடுத்துக்கணும்?"

மேவிஸ் நகல் எடுத்து ஒவ்வொரு தாளிலும் சங்க முத்திரை குத்தி, 'நான்கில் ஒன்று', 'நான்கில் இரண்டு' என்று வரிசையாக எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்த ரோவீனா நான்காவது தாளை மட்டும் எடுத்து மடித்து மேல்கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் பலூன் செய்தி தெரிந்தால் அப்பா இந்தக் காகிதத்தைத் தொடவும் மாட்டார். அது மட்டுமில்லை. மனுஷனுக்கு அம்மா போய்விட்டாள், நிலம் போய்விட்டது, ஊர் மரியாதை போய்விட்டது. மீதி இருப்பது அந்த வெளிச்சம் ஒன்றுதான்.

புதன்கிழமை மாலை ஆர்லோ கொட்டகையில் வேலிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ரோவீனா மறுமுனையைப் பிடித்தாள்.

"அப்பா, அரசாங்கத்துல யாராவது உன் வெளிச்சத்தப் பத்தி உன்கிட்ட கேட்டிருக்காங்களா?"

"அவங்க எங்க கேக்கப் போறாங்க."

"நாளைக்கு ஒருத்தங்க கேப்பாங்க. லொரெய்ன் மேடம். மேவிஸ் ஆன்ட்டி கொடுத்த ரிப்போர்ட்ட வெச்சு, இதுல இருக்கறது உண்மையான்னு கேப்பாங்க. நீ ஆமான்னா முத்திரை போட்டுத் தலைநகருக்கு அனுப்புவாங்க. எனக்கு சர்ட்டிபிகேட்டு. உனக்கு, அரசாங்கத்தோட பெட்டியிலயே உன் சாட்சி. கிழிச்சுப் போட முடியாது."

ஆர்லோ சுருட்டுவதை நிறுத்தினார். "கையத் தூக்கணுமா?"

"தூக்கணும்."

அவர் கம்பியைக் கீழே வைத்தார். "இருபத்துமூணு வருஷமாச்சு" என்றார். பிறகு, "அந்த ஜரிகைக் கொடிக்குக் கீழ நிக்க மாட்டேன். அது கப்பல் கோர்ட்டுக் கொடி. அங்க நின்னு சொல்றது செல்லாது."

ஓரத்தில் மஞ்சள் ஜரிகை தைத்த தேசியக்கொடி இருந்தால் அந்த அறையில் கடல் சட்டம்தான் நடக்கும் என்று, அவரைப் போல அரசாங்கமே வேண்டாம் என்கிற கூட்டத்தார் நம்புகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க ஒரு முழு நாள் வண்டி ஓட்ட வேண்டும். ஆனாலும் நம்புகிறார்கள். ரோவீனா மறுபேச்சுப் பேசாமல் சரி என்றாள். தூண்டிலில் மீன் விழுந்த சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. உள்பையில் மடித்து வைத்த தாள் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. சொந்த அப்பாவை, அவர் ஆசையைக் காட்டியே ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு ஆர்லோ துவைத்த சட்டையும் கல்யாணத்துக்குப் போடும் பூட்ஸுமாகக் கவுண்டி அலுவலக வாசலில் வந்து நின்றார். உள்ளே காலை வைக்கவில்லை. லொரெய்ன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கொடியை மடித்து வைப்பார் என்று ரோவீனா நினைத்திருந்தாள். அவரோ முத்திரை, மைப்பெட்டி, மனு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு அவரே வெளியே வந்துவிட்டார்.

"வண்டி நிக்கற இடத்துல சத்தியம் வாங்கக் கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல. எங்க, உன் வண்டி முகப்பு சுத்தமா இருக்கா?"

"உன்மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல லொரெய்ன். உன் நாற்காலிமேலதான்."

"நாற்காலிய உள்ளயே விட்டுட்டு வந்துட்டேன், போதுமா."

காகிதங்களை வண்டியின் முகப்பில் பரப்பினார்கள். காற்று அடித்தது. ரோவீனா ஒரு கல்லைத் தேடி எடுத்து மேலே வைத்தாள். லொரெய்ன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். சாட்சி மூன்றுக்கு வந்தபோது தோள் குலுங்கியது. "பால் மட்டுமா. நல்லா எழுதினடா." பிறகு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"நாலுல மூணுன்னு இருக்கு. நாலாவது எங்க?"

ரோவீனாவின் கை தானாக மேல்கோட்டின் மேல் போயிற்று.

"முழுசா இல்லாத காகிதத்த நான் வாங்க முடியாதும்மா. அப்படியே திருப்பி அனுப்பிருவாங்க."

பொய் சொல்லலாம். விழுந்துவிட்டது, மேவிஸ் தரவில்லை, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லலாம். நாளைக்கு வகுப்பு போய்விடும். அதற்காகக்கூட இல்லை, இதற்கு மேல் அதை நெஞ்சில் வைத்துச் சுமக்க அவளால் முடியவில்லை. உள்பையிலிருந்து எடுத்து அப்பாவிடமே கொடுத்தாள்.

ஆர்லோ கண்ணாடி கொண்டுவரவில்லை. கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, மேலே போய் மறுபடியும் தொடங்கினார். லொரெய்ன் மலையைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று ஆர்லோ மகளைக் கேட்டார்.

"செவ்வாக்கிழமைலேர்ந்து."

"மேவிஸுக்கு?"

"அந்த வருஷத்துலேர்ந்தே."

அவர் தாளைக் கல்லுக்கடியில் வைத்துவிட்டு, வண்டிகள் நிற்கும் இடத்தின் ஓரம் வரை நடந்து போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகுதான் தெரிந்தது. இனி அவர் வண்டியில் ஏறிப் போய்விடுவார் என்று ரோவீனாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. போனால் போகட்டும், வகுப்பும் போகட்டும், அப்பாவின் முதுகை இப்படிக் கூனவைத்துவிட்டோமே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கைக்கடிகாரம் மூன்றேகால் காட்டியது.

ஆர்லோ திரும்பி வந்தார்.

"லொரெய்ன். சத்தியம் மொத்தத்துக்கும் சேத்தா, இல்ல வரிவரியாவா?"

"மொத்தத்துக்குந்தான் வழக்கம்."

"மொத்தத்துக்கும் மாட்டேன்."

ரோவீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வரிவரியா கேளு" என்றார் ஆர்லோ. வலது கையைத் தூக்கினார். இருபத்துமூன்று வருஷமாகத் தூக்காத கை. தோள் வலித்திருக்க வேண்டும், முகம் சுளித்தது.

லொரெய்ன் உடனே பேனாவை எடுத்தார். தேதி சரியா? சரி. இடம்? என் வீடு. மணி? சரி. வானத்தில் பொருள் ஒன்றைக் கண்டது?

"கண்டேன்."

"என்ன பொருள்?"

"தெரியாதுன்னு எழுது." சற்று நிறுத்தி, "பலூன்னும் எழுதாத. நான் பாத்தது எனக்குத் தெரியும். ஆனா அது என்னன்னு சத்தியம் பண்ண எனக்கு இப்ப வாய் வரல."

லொரெய்ன் எழுதினார். "சாட்சி மூணு. ரோவீனா ப்ருவிட், உனக்கும் ஜோலீனுக்கும் பொறந்த மக. வயசு நாப்பது நிமிஷம். உண்மையா?"

"உண்மை."

"உடல்நிலை நன்று. உண்மையா?"

தூக்கிய கை அப்படியே நின்றது. லொரெய்ன் நிமிர்ந்து பார்த்தார்.

"பொய்" என்றார் ஆர்லோ. "அந்த வரி பொய். கடைசி வரியும் பொய். கருத்து எதுவும் தெரிவிக்கலன்னு எழுதியிருக்கேன் பாரு, அது பொய். அழுதா."

"அதனால என்ன ஆர்லோ, கொழந்தைன்னா அழத்தான் செய்யும்."

"அழல. முப்பத்தெட்டு நிமிஷம் அழவே இல்ல. மூச்சு கொஞ்சமா இருந்துச்சு. உதடு நீலம். ராத்திரியே ஜோலீன் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு கெஞ்சினா. போனா பேர் எழுதுவான், நம்பர் கொடுப்பான்னு நான்தான் மாட்டேன்னேன். கடிகாரத்தப் பாத்துட்டே முதுகத் தட்டினேன். ஒண்ணும் ஆகல. உசிர் போயிருச்சுன்னு நெனச்சு, உங்கம்மா முன்னால வேண்டாம்னு தூக்கிட்டு வெளிய வந்தேன். அப்பத்தான் அது மேல நின்னுச்சு. நீ கண்ணத் தொறந்த. அழுத."

கடைசி வார்த்தைகளை அவர் ரோவீனாவிடம் சொன்னார். கை இன்னும் கீழே வரவில்லை.

"அந்த வெளிச்சந்தான் உன்ன அழ வெச்சதுன்னு இத்தன வருஷமா நெனச்சுட்டிருந்தேன். பலூன்னா... அப்ப வெறும் குளிர் காத்துதான். நான் பண்ணதுக்கு நீ பொழச்சது உன் அதிர்ஷ்டம். வேற ஒண்ணுமில்ல."

ரோவீனாவுக்குக் கோபம் வந்தது. அம்மா கெஞ்சியதை நினைத்தபோது அவள் நெஞ்சு கொதித்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் நாளைக்கும் போய்விடாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கண்ணெதிரே நிற்கிற மனுஷன், பத்தொன்பது வருஷமாக ஒரு தாளில் பூட்டி வைத்திருந்ததை வெயிலில் வைத்துச் சொல்லிவிட்டு, இன்னும் கையை இறக்காமல் நிற்கிறார்.

"கைய எறக்குப்பா" என்றாள். "வலிக்கும்."

"அவ சொல்லட்டும்" என்றார், லொரெய்னைக் காட்டி.

லொரெய்ன் இரண்டு வரிகளைக் கோடு போட்டு அடித்து, மேலே திருத்தி எழுதினார். எழுதும்போது அவர் மூக்கை உறிஞ்சியது கேட்டது. திருத்தியதை வாசித்துக் காட்டினார். "சாட்சி மூணு. உடல்நிலை மோசம், பிறகு தேறியது. கருத்து: அழுதார். உண்மையா, ஆர்லோ?"

"உண்மை. இதுக்கு எங்க வேணா கையத் தூக்குவேன். அந்த ஜரிகைக் கொடிக்குக் கீழகூட."

கையை இறக்கினார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். கறுப்பில்தான் போட வேண்டும் என்று சொல்ல லொரெய்ன் வாயெடுத்து, சொல்லாமல் தன் பேனாவை நீட்டினார். ஆர்லோ அதை வாங்கி, பெயரை மட்டும் எழுதினார். திருத்திய இரண்டு வரிக்கும் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்து வைத்தார்.

மூன்று ஐம்பதுக்கு லொரெய்ன் ரசீதை ரோவீனாவின் கையில் கொடுத்துவிட்டு உறையோடு தபால் நிலையத்துக்கு ஓடினார். அப்பாவும் மகளும் வண்டியில் ஏறினார்கள். ஆர்லோ சாவியைத் திருப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த வகுப்புல," என்றார், "பொறந்த கொழந்த அழலன்னா என்ன பண்ணணும்னு சொல்லித் தருவாங்களா?"

"தருவாங்கப்பா."

"நல்லாக் கத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.